வெயில் எந்தக் கன்னத்தில்

அவருடைய பெயரை நான் எழுதிவைக்கவில்லை. எங்கள் கம்பெனி கேன்டீனில் பொங்கலுக்குப் பதிலாக முதன்முதலில் ரவா கிச்சடி போட்ட கிழமை வரை குறித்துவைத்திருப்பவன் நான். இருபது வருட டைரிகள் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் அந்தப் பெண் போலீஸ்காரர் ஒன்பது இடங்களில் வருகிறார். ஒன்பதிலும் வெறும் 'ஏட்டம்மா' என்றே இருக்கிறது. முகக்கவசம் பாதிப் பேருக்கு மூக்கிலும் மீதிப் பேருக்குத் தாடையிலும் இருந்த காலம் அது. சீருடையில் வந்திருந்தால் நெஞ்சில் பெயராவது இருந்திருக்கும். அவர் எப்போதும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, தன் சொந்த ஸ்கூட்டரில் வருவார்.

ஸ்கூட்டரில் ஒரு குடை செருகியிருக்கும். அதை விரித்து நான் பார்த்ததே இல்லை. யாரிடமாவது வழி விசாரிக்கும்போது அந்தக் குடையின் முனையால் மண்ணில் கோடு போடுவார். "இது ஒரகடம் ஜங்ஷன். இது வாலாஜாபாத் ரோடு. நீ எங்க குந்திகினு இருந்த, காட்டு" என்பார். சொல்பவர் கால் பெருவிரலால் ஓர் இடத்தைத் தொட வேண்டும். மகளின் பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில்தான் குறிப்பெடுப்பார். ஒருமுறை நான் எட்டிப் பார்த்தபோது ஒரு பக்கம் 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்றும், மறுபக்கம் 'பஸ்ல ஃபேன் ஓடுச்சு' என்றும் இருந்தது.

எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவின் ஆவண அறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"தேதி சொன்ன சாரு நீங்கதானா?"

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

"தேதி சொல்றவங்கள நான் நம்பறதில்ல சார். கோச்சிக்காதீங்க."

நான் கோபித்துக்கொண்டேன். அதையும் அன்று குறித்துவைத்திருக்கிறேன்.

விவகாரம் இதுதான். சித்திரைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரவு ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன எங்கள் கம்பெனியின் வாலாஜாபாத் பஸ், சாலையோரம் நடந்துபோன ஒரு பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவர் அவர். உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பஸ் எது என்பதில் சந்தேகம் இல்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் அதன் பின்கண்ணாடியில் எங்கள் கம்பெனியின் பெயரைப் பார்த்திருந்தார். ஓட்டியது யார் என்பதுதான் கேள்வி.

அந்த வாரம் வழக்கமான வாலாஜாபாத் டிரைவர் ஒரு நாள் லீவு போட்டார். அந்த ஒரு நாளைக்கு எங்கள் குன்றத்தூர் பஸ்ஸின் டிரைவரை அங்கே அனுப்பிவிட்டு, எங்களுக்கு வேறொரு ஆளைப் போட்டார்கள். அந்த ஆள் ஒரு நாள் கூலிக்கு வந்தவர், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒரு நாள் செவ்வாயா, புதனா? செவ்வாய் என்றால் இடித்தவர் எங்கள் டிரைவர். புதன் என்றால் இடித்தவர் வாலாஜாபாத் டிரைவர். இரண்டு பேரும், 'செவ்வாய்க்கிழமை நான் இல்லை, அவன்தான்' என்றார்கள். பஸ்களை விடும் ட்ராவல்ஸ்காரர்கள், வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் ஏழு நாளுக்கும் ட்ரிப் ஷீட் எழுதுவது வழக்கம். அதில் யாருக்கும் லீவே இல்லை. கேட் கேமராவில் பஸ் கண்ணாடியில் அடித்த வெயில்தான் தெரிந்தது. செல்போன் டவர் பார்க்கலாமே என்று நான் ஏட்டம்மாவுக்கு யோசனை சொன்னேன்.

"ரெண்டு சிம்மும் ட்ராவல்ஸ் ஓனர் பேர்ல கீது சார். எந்த போனு எவன் கையில இருந்துச்சுன்னு அவருக்கே தெரியாது."

ஆனால் என் டைரி இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில்: 'பஸ்ஸில் புது டிரைவர். கறுப்புக் கண்ணாடி. பத்து நிமிடம் முன்னதாக வீடு.' அதாவது அன்று எங்கள் டிரைவர் எங்கள் பஸ்ஸில் இல்லை. யாரும் கேட்காமலே அந்தப் பக்கத்தை நகல் எடுத்து எச்.ஆரிடம் கொடுத்தவன் நான்தான். அந்த ஒரு தாளை வைத்து எங்கள் டிரைவரின் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். அவர் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குற்றப்பத்திரிகை எழுதுவது மட்டும்தான் பாக்கி என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் வழக்கு ஏட்டம்மாவின் கைக்கு வந்தது. அவரை அழைத்துக்கொண்டு சுற்றும்படி எச்.ஆர். என்னையே அனுப்பியது.

இரண்டு நாள் அவர் பின்னால் என் வண்டியில் அலைந்தேன். யாரிடமும் அவர் 'எப்போது' என்று கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை இவ்வளவு பிடிவாதமாகத் தவிர்க்கிற ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. என்ன சாப்பிட்டாய், எந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்து சீட்டில் யாருடைய கால் இடித்தது, வெயில் எந்தக் கன்னத்தில் அடித்தது. இவைதான் அவர் கேள்விகள். இதில் எங்கிருந்து வழக்கு நடக்கும் என்று எனக்குப் புரியவே இல்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தேதி சொல்கிறவர் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். 'தெரியலம்மா' என்பவர் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடைக்காரர், நாங்கள் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே தேதி, கிழமை, மணி எல்லாம் சொன்னார். எங்கள் டிரைவர் அன்று தன் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினார் என்றார். நான் பரபரப்பாகக் குறித்துக்கொண்டேன். ஏட்டம்மா பேனாவை மூடினார். எதிரே ஆவி பறந்த டீயைத் தொடவில்லை.

"அண்ணாத்த, உனக்குக் கல்யாணம் எந்தத் தேதி?"

"அது... வைகாசில. முகூர்த்த நாளும்மா."

"வைகாசில முப்பத்தோரு நாளு கீது. எந்த நாளு?"

டீக்கடைக்காரர் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா பாத்திரத்தை ஓங்கி வைத்தார். "கேளுங்க மேடம், நல்லா கேளுங்க. ஒரு வருசமாவது சொல்றாரான்னு பாக்கறேன்."

"சொந்தக் கல்யாணத் தேதி தெரியல. எவனோ பஸ் ஏறுன தேதி தெரியுது. யாரு சொல்லிக் குடுத்தா?"

ட்ராவல்ஸ் மேனேஜர் முந்தின வாரம் வந்து பேசிவிட்டுப் போனது அப்புறம் வெளியே வந்தது. ஏட்டம்மாவுக்குக் கோபமே வரவில்லை. ஸ்கூட்டரை எடுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாவம் சார் அந்தாளு. ஞாபகம் இருந்தா இப்டி கோர்வையா வராது." அதை அவர் என்னிடம் ஏன் சொன்னார் என்று அன்று மாலைவரை யோசித்தேன்.

ஞாயிறு பகல் வாலாஜாபாத்தில் ஓர் அறைக்குப் போனோம். தென்காசிப் பக்கத்துப் பையன்கள் ஆறு பேர், சமையல் ஆகிக்கொண்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்தவர்களில் வேலையை விட்டுப் போகாமல் மிச்சமிருந்தவர்கள் இவர்கள்தான். டிரைவர் யார் என்று கேட்டதற்கு, "முதுகுதான் மேடம் தெரியும். மொகத்துல மாஸ்க்கு, நமக்குக் கண்ணுல ஒறக்கம்" என்றான் ஒருவன்.

"ஒறங்குறப்ப வெயில் எங்க அடிச்சுது?"

"இவன்ட்ட கேளுங்க மேடம். இவன் வாயத் தொறந்துட்டுத்தான் ஒறங்குவான். வெயிலு தொண்டைக்குள்ளதான் அடிச்சிருக்கும்."

"போலே, நீ விடுற கொறட்டையில டிரைவரு ஹாரன் அடிக்கதையே நிப்பாட்டிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டம்மாவும் சிரித்தார். அடுப்படியில் நின்றிருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனிடம் போய், வெங்காயம் நறுக்க உதவுவதுபோல் பக்கத்தில் நின்றார்.

"உனக்கு எங்கயாவது இடிச்சுதாப்பா?"

அவன் நெற்றியைத் தொட்டான். "முன்சீட்டு கம்பியில முட்டிட்டேன் மேடம். முழிச்சிப் பாத்தேன். பஸ்ஸு போய்ட்டுதான் இருந்துச்சு. ஸ்பீட் பிரேக்கருன்னு நெனச்சி திரும்பக் கண்ண மூடிட்டேன்."

குக்கர் விசில் அடித்தது. ஏட்டம்மா அவன் தோளைத் தட்டிவிட்டு, அவர்கள் போட்டுக் கொடுத்த சோற்றைக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை. அந்தப் பையன் சொன்னதில் எங்கள் டிரைவருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைத்தான் அவர் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக என் வீடு. குன்றத்தூரில், மலைக்கோயில் ஜன்னல் வழியாகத் தெரிகிற தூரத்தில் இருக்கிறேன். மாலை நான்கேகால். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். ஏட்டம்மா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு டைரிகளைக் கேட்டார்.

"ஏன் மேடம், மோர் பிடிக்காதா?" என்றாள் மனைவி.

"பிடிக்கும்மா. இருக்கட்டும்."

எனக்குப் புரிந்தது. டைரிகளை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அந்த வாரத்தை விட்டுவிட்டு நாலைந்து வருடத்துக்கு முந்தைய டைரியைப் புரட்டினார். நான் சி ஷிஃப்ட், அதாவது இரவு பதினொன்றுக்குப் போய்க் காலை ஏழுக்கு முடிகிற ஷிஃப்ட், பார்த்த வாரங்களாகத் தேடினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். 'பஸ் மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. ஆடிக் கிருத்திகை, காவடிக் கூட்டம்.'

"அந்த வருசம் ஆடிக் கிருத்திகை என்னிக்குன்னு போன்ல பாருங்க சார்."

பார்த்தேன். நான் எழுதியிருந்த பக்கத்துக்கு மறுநாள்.

எங்கள் கம்பெனியில் சி ஷிஃப்ட் போகிற எல்லோரும் இப்படித்தான். திங்கள் இரவு உள்ளே போனால், செவ்வாய் காலை வெளியே வருகிறவரை வருகைப்பதிவில் திங்கள்தான். வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து படுக்கும்வரை எங்களுக்கு அது திங்கள்தான். தூங்கி எழுந்தால்தான் செவ்வாய். அந்தக் கணக்கிலேயே நான் டைரியும் எழுதியிருக்கிறேன் என்பது இருபது வருடமாக எனக்கே தெரியாது. அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருப்பது புதன்கிழமைக் காலை. எங்கள் டிரைவர் வாலாஜாபாத் போனது புதன்.

நான் துள்ளி எழுந்தேன். "அப்போ அவர் இல்ல மேடம்!"

"குந்துங்க சார்." அவர் இன்னொரு சி ஷிஃப்ட் வாரத்தை எடுத்தார். ஆயுத பூஜை. 'காலையில் பொரிகடலைப் பையோடு பஸ் ஏறினேன்.' அது மிகச் சரியாக மறுநாள் தேதியில், இருக்க வேண்டிய பக்கத்திலேயே இருந்தது.

அப்புறம் அரைமணி நேரம் மாறி மாறிப் பார்த்தோம். சில வாரங்கள் ஒரு நாள் பின்தங்கியிருந்தன. சில சரியாக இருந்தன. படுக்கும் முன் எழுதினால் நேற்றைய பக்கம். எழுந்து எழுதினால் இன்றைய பக்கம். அந்தச் சித்திரை வாரத்தில் எப்படி எழுதினேன்? திங்கள் பக்கத்தில் 'வெயில். தூக்கம் இல்லை' என்று மட்டும் இருந்தது. அது செவ்வாய் காலை வீடு திரும்பியபின் வராத தூக்கமா, ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் திங்கள் மதியம் வராத தூக்கமா? என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ எழுதியது போல இருந்தது.

"எனக்குத் தெரியல மேடம்" என்றேன். "எனக்கே தெரியல."

ஏட்டம்மா மோர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு, டைரியை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப சொல்லுங்க. சி ஷிஃப்ட் மொத நாளு காலைல பஸ்ல தூங்குவீங்களா?"

"மாட்டேன். மொத நாள் எனக்கு வராது. மத்த நாள் ஏறின உடனே தூங்கிடுவேன்."

"மத்தவங்க?"

"எல்லாரும் தூங்குவாங்க."

"அந்த வாரம் மொத நாளு காலைலதான் அந்தப் பொண்ணு செத்துது. நீங்க முழிச்சிகினு இருந்தீங்க. வெயிலு எங்க அடிச்சுது?"

எங்கள் பஸ் காலையில் கிழக்கே போகும். படப்பைவரை சூரியன் நேர் எதிரே. எங்கள் டிரைவர் கண் கூசாமல் இருக்க, முந்தின நாள் செய்தித்தாளின் ஒரு தாளைக் கண்ணாடியின் மேல்பாதியில் செருகிக்கொள்வார். நான் முன்சீட்டுக்காரன். அன்று வெயில்... கண்ணை மூடிப் பார்த்தேன். முகத்தில் வெயில் இல்லை. எதிரே ஒரு பெண்ணின் முகம், தலைகீழாக, கழுத்து நிறைய நகையோடு, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு மஞ்சளாக.

"பேப்பர் இருந்துச்சு மேடம். அட்சய திருதியை நகை விளம்பரம். தலைகீழா செருகியிருந்தார்."

"அந்த விளம்பரம் அந்த வாரம் பூரா வந்துச்சு சார். ரெண்டாவது நாளா இருக்கலாமே?"

"ரெண்டாவது நாள் நான் தூங்கியிருப்பேனே."

"புது டிரைவர் வந்த நாளு தூங்கலியா? கறுப்புக் கண்ணாடின்னு எழுதிகீறீங்க."

"ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்திருப்பேன்."

மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் அந்தத் தலைகீழ் முகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தெளிவாக. மூன்றாவது தடவை அவள் மூக்குத்திகூடத் தெரிந்தது. அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவை வாங்கிக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நீங்க பாத்ததா சார், நான் பாக்க வெச்சதா?"

"பார்த்ததுதான்" என்றேன்.

அந்த வாரமே எங்கள் டிரைவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. பெஞ்சில் வாலாஜாபாத் டிரைவர் உட்கார்ந்தார். அவருக்கும் எங்கள் டிரைவருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரி முதுகு. அவர் கடைசிவரை 'செவ்வாய்க்கிழமை நான் லீவு' என்றே சொன்னாராம். வழக்கு கோர்ட்டுக்குப் போய், இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

எங்கள் டிரைவர் பஸ்ஸுக்குத் திரும்பியபின் எனக்கு நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சி ஷிஃப்ட் முடிந்து ஏறுகிற ஒவ்வொரு காலையிலும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "டைரி சார், இன்னிக்கு இன்னா கெழம?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தடுமாறுவேன். செய்தித்தாளைச் செருகிவிட்டு வண்டியை எடுப்பார். அது எந்தப் பக்கமாகச் செருகியிருக்கிறது என்று பார்ப்பேன். சில நாள் நேராக, சில நாள் தலைகீழாக.

ஏட்டம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்து, வழக்குக்காக எடுத்துப்போயிருந்த டைரிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பல மாதம் கழித்து, படப்பை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. குடை கையில் இருந்தது.

"சார், கடைசியா என்னை எப்ப பாத்தீங்க?"

அவர் வாயிலிருந்து 'எப்ப' வந்ததே வேடிக்கைக்குத்தான் என்று புரிந்தது. தேதி நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. அவருக்குப் பிடித்த மாதிரி சொல்ல ஆசைப்பட்டேன்.

"மழை விட்ட சாயங்காலம் மேடம். வாசல்ல செருப்ப விட்டுட்டு நின்னீங்க. கையில முருங்கைக்கீரை கட்டு ஒண்ணு இருந்துச்சு. தண்ணி சொட்டிச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "இப்பதான் சார் சாட்சி மாதிரி பேசறீங்க" என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்த நாளின் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'ஏட்டம்மா வந்தார். டைரிகள் திரும்பின.' அவ்வளவுதான். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கீரையா? இன்னாங்க நீங்க. அந்தம்மா கையில இன்னா கீரை? டைரிக்கட்டு ஒண்ணு, குடை ஒண்ணு. மழையே அன்னிக்கு இல்ல. துணி மாடியிலதான் காஞ்சிகினு இருந்துச்சு."

ஆனால் நான் இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கீரைக்கட்டு தெரிகிறது. காம்பு வெட்டிய இடத்தில் பச்சை. வாசல்படியில் ஈரம். கீரையைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தாள். நகை போட்ட அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றிக் கேட்க எனக்கு யாரும் இல்லை. அன்று காலை அந்தப் பஸ்ஸில் விழித்திருந்தது நான் ஒருவன்தான்.